வலது பிரேக்கில் ஒரு பித்தளை புஷ்

பெரியநாயக்கன்பாளையத்தில் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். பம்புசெட்டுக்கு வேண்டிய புஷ், ஷாஃப்ட் எல்லாம் கடைந்து கொடுப்பேன். எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் ஆட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆடினால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். துளைக்குள் புஷ் என்ற வளையத்தைப் போட்டு அந்த ஆட்டத்தை நிறுத்தினால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தப் புத்திதான் போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி இளவேனிலின் சைக்கிளுக்கு உலை வைக்கப் பார்த்தது.

சைக்கிள் அப்போது அவளுடையது ஆகியிருக்கவில்லை. அதுதான் விஷயமே. மில் நடத்திய குடும்பத்து வெங்கடபதி சார் எண்பத்து மூன்றாம் வருடம் இத்தாலியிலிருந்து வரவழைத்த நீலநிறப் பந்தய சைக்கிள் அது. அவருடைய பேரன் அதைத் தன் காபிக் கடைச் சுவரில் அழகுக்கு மாட்ட ஆசைப்பட்டான். இளவேனில் ஓட்ட ஆசைப்பட்டாள். விற்கவே மாட்டேன் என்ற சார் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பழைய சைக்கிளுக்கான பந்தயம் வருதல்ல அம்மணி? அவிநாசிக் கோயில் முன்னால ஆறு மணிக்குக் கெளம்பி, ஏழரைக்குள்ள பெருந்துறை வந்து சேந்துட்டீன்னா வண்டி உன்னுது. இல்லீன்னா செவுத்துக்குப் போகட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். எல்லா நட்டுகளும் கழலாதபடி பசை போட்டு இறுக்கினேன். வலது கைப்பக்கம் முன் பிரேக் பிடியில் பயறு அளவுக்கு ஓர் உலோக முளை, 'பின்' என்போம், இருந்தது. விரலால் அமுக்கினால் உள்ளே போனது. உடனே பிடி வழக்கத்தைவிட வெளியே தள்ளிக்கொண்டு தொளதொளவென்று நின்றது. நாற்பது வருடத் தேய்மானம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு, பித்தளையில் ஒரு புஷ் கடைந்து அடித்தேன். அதற்குப் பிறகு பின் அசையவே இல்லை. இடது பிடியிலும் அதே ஆட்டம்தான். பித்தளைத் துண்டு தீர்ந்துபோனதால் அதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். அந்தத் துண்டு தீராமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இப்படிச் சிரித்துப் பேச முடியாது.

ஞாயிறு காலை இளவேனில் பறந்தாள். வேறென்ன சொல்ல! நான் உபரிச் சக்கரத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெருமாநல்லூர் தாண்டும்போது முன்னால் நாலே பேர். அவள் குனிந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. ஹாரன் அடித்து அடித்து ஒரு லாரிக்காரரிடம் திட்டுகூட வாங்கினேன்.

விஜயமங்கலம் சுங்கச்சாவடி தாண்டியதும் முன் டயர் பஞ்சர். மணி ஏழு மூன்று. இன்னும் ஒன்பது கிலோமீட்டர்.

"பதட்டப்படாத. ரெண்டே நிமிசம்" என்றேன். காற்று இறங்கிய சக்கரம் சுலபமாகக் கழன்றது. உபரிச் சக்கரத்தைச் செருகினேன். பாதி வழியில் முட்டியது. காற்று நிரம்பிய டயர், பிரேக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவே நுழைய மறுத்தது. தள்ளினேன், திருகினேன், திட்டினேன். நகரவில்லை.

"காத்தை எறக்குங்க."

"எறக்கீட்டு மறுக்கா எதுல அடிக்கறது? சக்கரமே இருக்குதுன்னு பம்பு எடுக்குலீயே."

"அப்ப கட்டையக் கழட்டுங்க."

ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்பினேன். நான் போட்ட பசை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. என் வேலை சுத்தம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. 

"ஆறு நிமிசம் ஆச்சுங்க" என்றாள் இளவேனில். அழுகை வருகிறது, ஆனால் அழவில்லை. கோபத்தில் இடது பிரேக் பிடியைப் பிடித்து இழுத்தாள். அவள் விரல் அந்தப் பின் மேல் பட்டு அது உள்ளே போனது. பிடி வெளியே தள்ளிக்கொண்டது. பின் சக்கரத்தில் டக்கென்று ஒரு சத்தம். இருவரும் குனிந்து பார்த்தோம். பின் பிரேக்கின் இரண்டு கட்டைகளும் அகலமாக விலகி நின்றன.

"ஏனுங்க... இது தேஞ்சு போனதில்லீங்க. சக்கரம் மாத்தறதுக்குன்னே வெச்சிருக்கறான்!"

அட மடையா என்று என்னை நானே திட்டிக்கொண்டாலும், உள்ளே ஒரு குஷி துள்ளியது. எவ்வளவு அழகான வேலை! ஒரு பயறளவு பின்னில் இவ்வளவையும் அடக்கியிருக்கிறான். அதைப் போய் நான் புஷ் அடித்து அடைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். என் புஷ்ஷின் சுவர் அரை மில்லி கனம்தான், எனக்குத் தெரியாதா? விளிம்பில் முனையை வைத்து ஸ்பேனரால் ஓங்கித் தட்டினேன். முதல் அடி வழுக்கிப் பிடியில் கீறல் விழுந்தது. இரண்டாவது அடியில் பித்தளை பிளந்தது. இடுக்கியால் சுருட்டி இழுத்து எறிந்தேன். பின்னை அமுக்கினேன். பிடி தொளதொளத்தது, கட்டைகள் விலகின, சக்கரம் வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. பின்னை மறுபடி தள்ளிவிட்டதும் பிரேக் நறுக்கென்று பிடித்தது.

ஏழு பன்னிரண்டு. இளவேனில் ஏறி மிதித்த வேகத்தில் அவள் ஹெல்மெட் வாரைக்கூட மாட்டவில்லை. நான் கத்தினேன், ஓட்டிக்கொண்டே மாட்டினாள்.

அதற்குமேல் எனக்கு நடந்தது எதுவும் சரியாக நினைவில் இல்லை. பதினெட்டு நிமிடத்தில் ஒன்பது கிலோமீட்டர். காலையிலிருந்து மிதித்த கால்கள். நான் பின்னால் ஸ்கூட்டரில், "விடாத! விடாத!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனேன். அவள் பெருந்துறையில் போட்டிருந்த முடிவுக் கோட்டைத் தொட்டபோது வெங்கடபதி சார் கையில் இருந்த கடிகாரத்தில் ஏழு இருபத்தொன்பது.

நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். சார் அதற்குள் கீறலைப் பார்த்துவிட்டார்.

"இதென்ன தம்பி, பிடியக் கொதறி வெச்சிருக்கறே?"

மறைக்க வழியில்லை. சுற்றி நின்ற இருபது பேர் கேட்க, புஷ் அடித்த கதையை முழுதாகச் சொன்னேன். பின்னை அமுக்கிக் காட்டினேன். கட்டைகள் விலகின. சார் வாயைப் பிளந்தார்.

"இது இதுக்கா? நாப்பது வருசமா நான் காத்தை எறக்கி எறக்கியில்ல மாட்டீட்டிருந்தேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சாரோ அதைக் கேட்கவே இல்லை. பின்னை அமுக்குவார், விடுவார், மறுபடி அமுக்குவார். எழுபத்தாறு வயது முகம் பூரித்துப்போனது. ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா நானே ஓட்டிப் பாக்கோணும்... வண்டி இங்கயே இருக்கட்டுமே" என்று முணுமுணுத்தார்.

போச்சுடா என்று நினைத்தேன். நாமே சொல்லிக் கொடுத்து நாமே இழக்கப் போகிறோம்.

இளவேனில் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சாருக்கு அருகில் போய் நின்றாள். "ஏழு இருபத்தொன்பதுங்க சார்" என்றாள் மெதுவாக. பிறகு ஹேண்டில்பாரிலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக, எடுத்துவிட்டாள்.

சார் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கெழமையில ஒரு சுத்துக் குடுப்பியா அம்மணி?"

"ஊட்டுக்கு வாங்க சார், தாரேனுங்க" என்றாள் இளவேனில், தன் சைக்கிளின் மேல் ஏறி உட்கார்ந்தபடி.