கண்ணாடி வெட்டும் நாட்கள்

நர்ஸ் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய மூணு வாரமா ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றாள் அக்கா.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா 'ஆமாம்' என்று சொல்வதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்பவள். ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அது பொய். இதைத் தங்கைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நர்ஸ் ஒரு டிக் போட்டுவிட்டு, ஷாக் கொடுக்கும் பெட்டியின் ஒயர்களைப் பார்க்கத் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

"எத்தனை விட்ட?"

"எதை?"

"அக்கா!"

"வேன்ல பிள்ளைங்கள மிரட்டுற மாதிரி என்னை மிரட்டாதடி." நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். "கண்ணாடி வெட்டுற நாள்ல மட்டும் போடல. மறுநாள் போட்டுக்குவேன்."

"வாரத்துல எத்தனை நாள் வெட்டுற?"

"நாலு."

"அடிப்பாவி!"

அக்காவும் அத்தானும் ஜன்னல் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்கள். அளவெடுப்பது அத்தான், வெட்டுவது அக்கா. வெட்டிய விளிம்பை அவள் வெறும் கட்டை விரலால்தான் தடவிப் பார்ப்பாள். கீறல் படாத நாள் கிடையாது. இரண்டு மாதம் முன்பு படியேறும்போது மூச்சு வாங்கி, ஈ.சி.ஜி. எடுத்து, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதயத்தின் மேலறைகள் அடிக்காமல் நடுங்குகின்றனவாம். உள்ளே தேங்கும் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடாமல் இருக்க அந்த மாத்திரை. போட்ட முதல் வாரமே ஒரு சின்னக் கீறல் நிற்காமல் வடிந்து, ஒரு முழுத் தகடு பாழாயிற்று. அன்றிலிருந்து தானே ஒரு முறை வகுத்துக்கொண்டிருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நடுக்கத்தை நிறுத்த நெஞ்சில் கொடுக்கும் மின் ஷாக்கைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். ஒரே நாளில் முடிந்துவிடும் என்று. ஆனால் உள்ளே கட்டி இருந்து, ஷாக்கில் இதயம் சட்டென்று ஒழுங்காக அடிக்கத் தொடங்கினால், அந்தக் கட்டி நேராக மூளைக்குப் போகும். டாக்டரம்மா இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்கடி."

"அனுப்பட்டும். உன் கால்ல நடந்தாவது போவ இல்ல?"

திரை விலகியது. அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அந்தக் காகிதத்தக் கொஞ்சம் எடும்மா. ஒண்ணு தப்பா சொல்லிட்டேன்."

டாக்டரம்மா வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப உள்ள கட்டி இருக்கான்னு பார்க்காம ஷாக் கிடையாது. தொண்டை வழியா ஒரு குழாய் விட்டு, இதயத்தப் பின்பக்கமிருந்து பார்த்துடுவோம்" என்றார்.

அக்காவுக்கு மயக்கம் தெளிந்து, எச்சில் விழுங்க முடிந்ததும், டாக்டரம்மா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க."

இருட்டுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வீடு அசைந்துகொண்டிருந்தது. நகத்தைவிட மெல்லிய இரண்டு கதவுகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. மேலே இருந்த அறை அடிக்கவே இல்லை. குளத்தின் மேல் காற்று போகும்போது நீர் சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. அதன் மூலையில், காது போல ஒரு சின்னப் பை. பைக்குள் வெள்ளையாக ஏதோ மெல்லச் சுழன்றது.

"உள்ள ஏது புகை?" அக்காவின் குரல் கரகரத்தது.

"புகையில்ல, ரத்தம்தான். ஓடாம தேங்கிச் சுத்துறதால அப்படித் தெரியுது. இன்னும் கட்டியாகல. ஆனா ஆகப்போகுது. இன்னிக்கு ஷாக் கிடையாது."

டாக்டரம்மா கீழறையைத் தொட்டுக் காட்டினார். "இவரைப் பாருங்க. மேலேயிருந்து கண்டபடி உத்தரவு வருது. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, முடிஞ்சத செஞ்சுக்கிட்டிருக்காரு."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் அக்கா. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள்: "இன்னொரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

மூன்று தடவை ஓட்டினார். ஊரில் எத்தனையோ சுவர்களில் ஜன்னல் வைத்துக் கொடுத்தவள், தன் நெஞ்சில் யாரோ திறந்த ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பவள் போல முன்னால் சாய்ந்திருந்தாள்.

"நான் வேலை செய்றப்பவும் இது இப்படித்தான் ஆடிக்கிட்டிருந்துச்சா?"

"தூங்குறப்பவும்தான்."

"எப்போலேர்ந்து?"

"நடுக்கம் இப்போதான். துடிப்பு நீங்க அம்மா வயித்துல இருந்தப்பவே. கண்ணு மூக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்."

அக்கா தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். புடவைத் தலைப்புதான் தெரிந்தது. எனக்கு என் நெஞ்சைத் தொடவே கூச்சமாக இருந்தது. அங்கே யாரோ பெரியவர் வேலையாக இருப்பது போல.

பிறகு வழிகளைப் பேசினார்கள். நடுக்கத்தை அப்படியே விட்டு, வேகத்தை மட்டும் மாத்திரையால் குறைக்கலாம். தேக்கம் தீர்ந்ததும் ஷாக் கொடுக்கலாம். தொடை வழியாகக் குழாய் விட்டு, கோளாறு கிளம்பும் இடங்களைச் சுடலாம்.

"அந்தப் பையோட வாய அடைச்சிட்டா?" என்றாள் அக்கா.

"அதுவும் உண்டு. ஆனா ரத்தத்துக்கான மாத்திரைய எடுக்கவே கூடாதவங்களுக்குத்தான். விரல்ல கீறுதுங்கிறது அதுல சேராது. அடைச்சாலும் கொஞ்ச நாளைக்கு மாத்திரை வேணும். எந்த வழியில போனாலும் இப்ப மாத்திரை உண்டு."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் அக்கா மல்லுக்கு நின்றிருப்பாள். இப்போது வேறொன்று கேட்டாள்.

"அந்த மேலறை நடுங்காம, முழுசா அடிக்கணும்னா எது?"

"ஷாக், இல்லேன்னா சுடுறது. ரெண்டுலயும் திரும்பி வரலாம். சத்தியம் பண்ணித் தர முடியாது."

"முதல்ல ஷாக். திரும்பி வந்தா சுட்டுக்கலாம்." கொஞ்சம் யோசித்தாள். "கையுறை போட்டா விரலுக்கு விளிம்பு தெரியாது. அதனால ஷாக் நாள் வர்ற வரைக்கும் வெட்டுற கத்தியையே தொடமாட்டேன். அப்புறம் கையுறையோட பழகிக்கறேன். மாத்திரைய இனிமே விடமாட்டேன்."

நீளமான பதில். நம்பலாம்.

வராந்தாவுக்கு வந்ததும் அத்தானுக்குப் போன் போட்டாள்.

"ஷாக் குடுத்தாச்சா?" அத்தானின் குரல் எனக்கே கேட்டது.

"ஒரு மாசம் ஆகும். மறுபடி உள்ள பார்த்துட்டுத்தான் குடுப்பாங்களாம். அதுவரைக்கும் நீங்க வெட்டுங்க."

"நானா? என் கோடு கோணிக்கிட்டுப் போகுமே."

"போகட்டும்."

ஒரு நூல் பிசகினாலும் முழுத் தகட்டையே ஒதுக்கிவிடுகிறவள் சொன்ன வார்த்தை அது. அத்தான் மெதுவாகக் கேட்டார். "டாக்டர் அப்படி என்னதான் சொன்னாங்க?"

அக்கா சொல்ல வாயெடுத்தாள். கை தானாகக் காற்றில் எழுந்து, அந்த இரண்டு கதவுகளைப் போல விரிந்து மூடியது.

"போன்ல சொல்ல வராதுங்க" என்றாள். "அடுத்த மாசம் கடையப் பூட்டிட்டு வாங்க. வந்து பாருங்க."