ஏழாம் டேங்கின் பியூட்டேன்

பெட்ரோலை ஒரே பொருள் என்று நினைப்பவர்களைக் கண்டால் ரூபினிக்குச் சிரிப்பு வரும். இருநூறுக்கும் மேற்பட்ட சரக்குகள் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வீடு அது. டொலுயீன் மாதிரி கனமான ஆசாமிகள் இருந்த இடத்தைவிட்டு லேசில் அசைய மாட்டார்கள். நான்கே கார்பன் கொண்ட பியூட்டேனுக்கோ கதவு திறந்தால் போதும், ஓட்டம்தான். அந்த ஓடுகாலி குறைந்துபோனால் காலையில் கார் முரண்டு பிடிக்கும். கூடிப்போனாலோ வெயிலில் ஆவி முட்டி வம்பு.

இதையெல்லாம் அளக்கும் பாசிர் கூடாங் சோதனைக்கூடம் ஒன்றில் அவள் சேர்ந்து ஆறு மாதம். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறாள். வேலையை அவள் செய்தாலும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது தலைவர் மகேஸ்வரன்தான். இன்று பெட்ரோல் கிடங்கின் ஏழாம் டேங்க் சாம்பிளைப் பிசகில்லாமல் முடித்தால் இனி அவளே கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருந்தார். அந்த சந்தோஷத்தில் காலையில் பசியாறக்கூட மறந்து ஓடி வந்திருந்தாள்.

இரண்டு பாட்டில்கள் பனிக்கட்டியில் காத்திருந்தன. ஒன்று சோதிக்க, மற்றது சந்தேகம் வந்தால் பார்க்க. பியூட்டேன் கூடியதா குறைந்ததா என்று காட்டிக்கொடுக்கும் ஆவியழுத்த மெஷினில் வேறு சாம்பிள் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்க அவளுக்குப் பிடிக்குமா? முதல் பாட்டிலைத் திறந்து, அடர்த்தியை அளந்துவிட்டு மூடி வைத்தாள். பிறகு மெஷின் கிடைத்ததும் ஆவியழுத்தம் பார்த்தாள். அறுபத்திரண்டு கிலோபாஸ்கல் வர வேண்டிய இடத்தில் ஐம்பத்து நான்கு வந்தது.

மகேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

"கம்மியா இருக்கே லா. டேங்க்ல பியூட்டேன் சேக்கச் சொல்லிடுறேன். மத்ததெல்லாம் நல்லா செஞ்சிருக்க ரூபினி."

அவர் போனை எடுத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஆவியழுத்தத்தை முதலில் பார்க்காமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. டேங்கில் பியூட்டேன் குறையவில்லை. அவள் மூடியைத் திறந்த நேரத்தில் பாட்டிலிலிருந்துதான் அது ஓடியிருக்கிறது. இப்போது டேங்கில் சேர்த்தால் அத்தனை பெட்ரோலும் அளவு மீறிக் கெட்டுப்போகும். வாயைத் திறந்தாலோ கையெழுத்து கைவிட்டுப் போகும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், வேணாம்! சேக்கச் சொல்லாதீங்க. நான் அடர்த்திக்காக முன்னாடியே பாட்டிலைத் திறந்துட்டேன்."

"அலமாக்!" அவர் போனைப் படாரென்று வைத்தார். "மொத நாளே சொல்லிக் குடுத்தது இது! ரெண்டாவது பாட்டிலை எடு."

அவர் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருக்க, இந்த முறை ஆவியழுத்தத்தையே முதலில் பார்த்தாள். அறுபத்திரண்டு. டேங்கில் எந்தக் குறையும் இல்லை. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் தலை நிமிரவில்லை. நடந்ததை ஒளிக்காமல் அறிக்கையில் எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டு அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"போடு."

"சார், நான்தான் தப்பு பண்ணிட்டேனே?"

"பண்ணிட்ட. யாரும் பாக்கல, நானும் பாக்கல. நீ வாயைத் திறக்கலன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? போடு லா, அப்புறம் போய்ப் பசியாறு."