மூன்றாவது பூச்சு

“காரு சீட்டைத் தடவித் தடவிக் கொடுக்கறீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?” என்று மனைவி ஒருமுறை கேட்டிருந்தாள்.

“எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியாதா?” என்று அவன் துணியைப் பிழிந்தபடியே சொல்லியிருந்தான்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவளை இன்று நிரந்தரமாகவே அழைத்துப் போக அவளுடைய அண்ணன் காரில் வந்திருந்தார்.

“தோல் சீட்டு வறண்டு கிடக்கு மச்சான், துடைச்சுத் தரேன்” என்று அவன்தான் காரைத் தன் சீட்டுப் பட்டறைக்குள் விடச் சொன்னான். அழுக்கெடுத்து க்ரீம் தடவினான். அது ஊறும்வரை யாரும் உட்காரக் கூடாது. ஊறியதும் மறுபடியும் தடவினான். மூன்றாவது பூச்சைத் தோல் குடிக்கவில்லை. பிசுபிசுவென்று மேலேயே நின்றது. தொழிலில் அவன் ஒருநாளும் செய்யாத தப்பு அது.

“இவ்வளவு அலங்காரம் பண்ணி சீட்டை யாருக்குக் கட்டிக் கொடுக்கப் போறீங்க மாப்ளே?” என்ற மச்சான், பழைய போர்வையை அதன்மேல் விரித்துவிட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். முகத்தில் கோபம்கூட மிச்சமில்லை. ஏறிக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடியை அவன் க்ரீம் கையோடு பிடித்தான்.

“போகாத” என்றான். “எனக்காக இரு.”