சிஸ்டரின் பேனை

கொரியாவிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த சிஸ்டர் கிம்முக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவேயில்லை. சோதனை நெருங்கினால் பிள்ளைகள் புத்தகத்தை விட்டுவிட்டுப் பேனையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ரொஷேல் அந்தோனியார் கோயிலில் வைத்து எடுத்ததையும், ஹம்சிகா பிள்ளையார் காலடியில் வைத்து எடுத்ததையும் நீட்டி, "நீங்களும் ஒருக்கா செபிச்சுத் தாங்கோ சிஸ்டர்" என்பார்கள்.

"பேனை படிக்காது. நீங்கள்தான் படிக்க வேணும்" என்று தனக்கு வந்த தமிழில் சீறுவார். சீறிவிட்டுச் செபித்தும் கொடுப்பார்.

போன மாதம் சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகச் சிஸ்டருக்கே எழுத்துச் சோதனை வந்தது. வீதிக் குறியீடுகள் கனவில் வந்து மிரட்டின. படிப்பித்த பாடத்தையே அவர் திரும்பவும் படிப்பித்ததைப் பார்த்த ஹம்சிகா எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"உங்கட பேனையைத் தாங்கோ சிஸ்டர்."

சிஸ்டர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மறுநாள் அது திருநீற்று வாசத்தோடும் அந்தோனியாரின் மெழுகுதிரிச் சொட்டோடும் திரும்பி வந்தது.

சோதனை மண்டபத்தில் பார்த்தால் எல்லாம் கணினி. திரையைத் தொட்டால் போதும். பேனைக்கு வேலையே இல்லை. சிஸ்டர் அதை இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது விரலால் விடைகளைத் தொட்டார். பாஸ்.

கன்னியர் மடத்து வாசலில் பிள்ளைகள் காத்து நின்றார்கள்.

"பேனை எப்படி எழுதினது சிஸ்டர்?"

"ஒரு இடத்திலயும் நிக்கேல்ல" என்றார் சிஸ்டர் கிம்.

அந்தப் பொய்யை அவர் இன்னும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.