தாய்வீட்டுப் புடவை

“முந்தானையத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க,” என்றாள் பாஞ்சாலி. பாதி காற்றும் பாதி குரலுமாகத்தான் வந்தது. கோவிந்தப்பா மனைவியின் வாயருகே காதை வைத்து அதை வாங்கி, கையிலிருந்த செல்போனிடம் சத்தமாகச் சொன்னார்.

“ரூபி, உள்பக்கம் காட்டணுமாம்மா.”

சிக்பேட்டைப் புடவைக் கடையில் இருந்த மகள் ரூபினி, எலுமிச்சை நிறப் பட்டின் முந்தானையைப் புரட்டி போனுக்கு நேராகப் பிடித்தாள். சிநேகிதி ஸ்னேஹா மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள். பொம்மனஹள்ளி வாடகை வீட்டில், கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்த பாஞ்சாலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“நூல் தொங்குது. வேணாம்.”

“அய்யோ அம்மா! உள்பக்கத்தை யாரும்மா பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்ல,” என்றாள் பாஞ்சாலி.

ஹொசூர் ரோடு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் அவளுக்கு செக்கிங் வேலை. ஆயுசில் பாதி, சட்டைகளை உள்வெளியாகத் திருப்பித் திருப்பியே போயிற்று. கல்யாணப் பந்தியில் இலையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் உட்காருவாள் என்று கோவிந்தப்பா கேலி செய்வார். மனுஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள், பச்சை, சிக்னல் சிவப்பு. கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாகத் தீபாவளிக்கு ஒரு புடவை வாங்கிக்கொண்டு வந்தார். பாஞ்சாலி அதை உதறிப் பார்த்தாள், மடித்து வைத்தாள். பொங்கலுக்கு அது ஜன்னல் திரையாகத் தொங்கியது. அதோடு அவர் புடவைக் கடை வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார்.

ரூபினி கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை ரவி வீட்டார் பாடு. ஆனால் பெண் அழைப்புக்குக் கட்டும் தாய்வீட்டுப் புடவையைப் பெற்றவள்தான் பார்த்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்ட பிறகு, பாஞ்சாலிக்கு அந்த ஒரு நினைப்புதான்.

“நான் போயிட்டேன்னா அப்புறம் யாரும் கடைக்குப் போக விடமாட்டாங்க. தீட்டும்பாங்க, வருஷம் திரும்பட்டும்பாங்க. கடைசியில உங்க அக்கா வந்து மூக்குப்பொடி கலர்ல ஒண்ணு எடுத்துக் குடுப்பாங்க. எம்பொண்ணு அதக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? இன்னைக்கே எடுத்துடணும்.”

ரூபினி போகமாட்டேன் என்றுதான் அழுதாள். அம்மா விரட்டியடித்து அனுப்பினாள். வீடியோவில் பார்ப்பதாக ஏற்பாடு. “என் மூஞ்சியக் காட்டாதீங்க, கடையில இருக்கறவங்க பயந்துக்குவாங்க,” என்றதால் கோவிந்தப்பா போனின் கேமராக் கண்ணைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் ரூபினிக்கு இருட்டும் குரலும் மட்டும்தான்.

“நோடி மேடம், பாருங்க, இது பியூர் சில்க், பார்டர் நோடி,” என்று கடைக்காரர் கிளிப்பச்சையில் ஒன்றை விசிறினார்.

“அம்மா, இது?”

கோவிந்தப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்த பாஞ்சாலியின் கை கழன்று கட்டிலில் விழுந்தது. கோவிந்தப்பா குனிந்து காதை வாயருகே வைத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். “பாஞ்சி,” என்றார் மெதுவாக. கண் பாதி திறந்திருந்தது. மார்பு அடங்கியிருந்தது.

“அப்பா, அம்மா என்ன சொல்றாங்க?”

அவர் வாயைத் திறந்தால் ஓவென்று அலறிவிடுவார். அலறினால் அந்தப் பெண் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வரும். அம்மா எடுத்த புடவை என்று ஒன்று இனி அவளுக்கு இல்லவே இல்லை. இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்ததே அதற்காகத்தானே!

“வேணாமாம்,” என்றார். “வேற காட்டச் சொல்றா.”

என்ன காரியம் செய்கிறோம் என்று அவருக்கே பகீரென்றது. பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், விளக்கேற்றவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உட்கார்ந்து புடவை பார்க்கிறோம். திரையில் பட்டு பட்டாக வந்து போயிற்று. பாஞ்சாலிக்கு என்ன நிறம் பிடிக்கும்? ஒரு முறை சிக்பேட்டையில் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பின் சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டி, “அந்தக் கடை பொம்மை கட்டியிருக்கறதப் பாருங்களேன்,” என்றாள். அவர் முன்னால் போன பஸ்ஸைத்தான் பார்த்தார். அது என்ன நிறமோ! இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் பிடித்த நிறம்கூடத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டி எல்லா நிறமும் ஒன்றாகக் கலங்கியது.

“இதும்மா? இது எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள் ரூபினி. முதல் தடவையாக அவள் குரலில் ஒரு ஆசை இருந்தது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“அதுதான். அந்த நீலத்தையே எடுத்துக்கச் சொல்றா.”

“நீலம் இல்லப்பா, கத்தரிப்பூ.” ரூபினி முந்தானையைத் திருப்பப் போனாள். “இருங்க, உள்பக்கம் காட்டறேன்.”

“வேணாமாம்மா. பிடிச்சிருக்காம். சீக்கிரம் பில் போடச் சொல்லு.”

ரூபினியின் கை அப்படியே நின்றது. திரையிலிருந்த முகம், அவர் கட்டைவிரல் மூடிய இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்னேஹா ஏதோ கேட்டாள், அவள் காதில் வாங்கவில்லை.

“சரிப்பா,” என்றாள் கடைசியில். “நான் வந்துடறேன். அம்மா கைய விட்டுடாதீங்க.”

போன் அணைந்தது. கோவிந்தப்பா கட்டிலில் கிடந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பக்கத்து வீட்டு யூனிஸ் சத்தம் கேட்டு ஓடி வந்தாள்.

ரூபினி வரும்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாயிற்று. கையில் பை இல்லை. சாவு விழுந்த வீட்டுக்குள் கல்யாணப் பட்டு நுழையக் கூடாது என்று தெரிந்து, யூனிஸ் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். எப்போது, எப்படி என்று அவள் அப்பாவைக் கேட்கவில்லை. அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணம் தள்ளித்தான் போகும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சுமங்கலியாகப் போனவள், மணப்பெண்ணாட்டம் அனுப்ப வேண்டும் என்று கோவிந்தப்பாவின் அக்கா பீரோவைத் திறந்து பாஞ்சாலியின் பழைய கூறைப் புடவையை எடுத்தாள். எந்தப் புடவை என்று யாரும் கோவிந்தப்பாவைக் கேட்கவில்லை.

குளிப்பாட்டும் நேரத்தில் ரூபினியைக் காணோம். தேடிக்கொண்டு யூனிஸ் வீட்டுக்குப் போனார். உள்ளே ரூபினி தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிப்பூப் பட்டு மடியில் உள்வெளியாகக் கிடந்தது. டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பின்பக்க ஜரிகையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

“ரூபி, கூப்பிடறாங்கம்மா.”

அவள் நிமிரவில்லை. கடைசி முடிச்சு வரைக்கும் பார்த்து முடித்தாள்.

“ஒரு நூல்கூடத் தொங்கலப்பா,” என்றாள். “அம்மா பாத்திருந்தா, சரின்னுதான் சொல்லியிருப்பாங்க.”

அவள் எழுந்து, மடிப்பதற்காகப் புடவையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு பின்னால் நகர்ந்து போனாள். பட்டு நீண்டுகொண்டே போய், அவர் வாசல்படி வரைக்கும் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. எந்த ஓரத்தை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் அவர் விழித்தார்.

“கிட்ட வாங்கப்பா,” என்றாள் ரூபினி.