தூங்குகிறவர்களின் போதகர்

போதகர் அந்த ஊருக்கு ஊழியத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. வீடு வீடாகக் கதவைத் தட்டியதில் விரல் முட்டி காய்த்துப்போனதுதான் மிச்சம். நம்பிக்கைக்கு வந்தவர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தச்சர் இருந்தார். அவரும் ஆறாவது மாதமே மகளோடு இருக்க வெளியூர் போய்விட்டார். "இருந்த ஒரே ஆட்டையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன்" என்று போதகர் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வார்.

டயர் கடைக்கு மேலிருந்த கூடத்தில் ஞாயிறு காலை ஆராதனை. இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுவர் விசிறி, முன்வரிசையில் மனைவி. ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருப்பதால் சத்தமே இருக்காது. கூட்டமும் இருக்காது.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு, நர்ஸ் உடையில் ஒரு பெண் படியேறி வந்தாள். போதகருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைய பிரசங்கம் புயலில் சிக்கிய படகைப் பற்றியது. தனக்கே பிடித்துப்போய்ப் பலமுறை பேசியது. படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமும் வந்தாள், தூங்கினாள். மூன்றாவது வாரம் போதகர் குரலை உயர்த்தி மேஜையை ஓங்கித் தட்டினார். மனைவிதான் திடுக்கிட்டுப் பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டாள். நர்ஸ் தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டாள்.

முடிந்ததும் அவளே வந்து நின்றாள். "தப்பா நினைக்காதீங்க ஐயா. எனக்கு எப்பவும் நைட் டியூட்டி. ஹாஸ்டல் பக்கத்துல கட்டடம் கட்டறாங்க, பகல்ல கண்ணை மூட முடியல. உங்க குரலைக் கேட்டா மட்டும் கண்ணு தானா சொருகிடுது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் போதகர் புலம்பினார். "இது பாராட்டா, திட்டா?"

"நாலு வருஷமா நீங்க பேசி யாருக்கும் ஒண்ணும் ஆகல. இப்ப ஒருத்திக்குத் தூக்கமாவது வருதே, விடுங்க" என்றாள் மனைவி.

நர்ஸ் சும்மா இருக்கவில்லை, நாலு பேரிடம் சொன்னாள். ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். வங்கி வாட்ச்மேன் வந்தார். நூல் ஆலையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டே மாதத்தில் பதினோரு பேர். டிரைவரின் குறட்டைக்குப் போட்டியாகப் போதகர் பேச வேண்டியிருந்தது.

சபைத் தலைமையகத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'வருகை: பதினொன்று' என்று எழுதினார். விழித்திருப்பவர்கள் எத்தனை என்று தனிக் கட்டம் இல்லாததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். அங்கே வேலை பார்க்கும் மனைவியின் அண்ணன் போனில் குதித்தார். "மாப்பிள்ளை, கலக்கிட்டீங்க!"

அந்தப் பாராட்டுதான் அவரைக் குடைந்தெடுத்தது. ஊழியத்தை விடுவதாக ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்த ஞாயிறு, எல்லோரும் தூங்கியதும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிரைவர் கண்ணைத் திறந்தார். பிறகு வாட்ச்மேன். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்து அவரையே பார்த்தார்கள்.

"ஏன் ஐயா நிறுத்திட்டீங்க?" என்றார் டிரைவர்.

"நீங்கதான் யாரும் கேக்கலையே."

"கேக்கலைதான். ஆனா உங்க குரல் நின்னா தூக்கம் போயிடுது. ஊரு தூங்கறதுக்காக நாங்க முழிச்சிருக்கோம். எங்களுக்காக ஒருத்தர் முழிச்சிருக்கறது இங்க மட்டுந்தாங்க."

போதகர் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படியும் முழிச்சாச்சு" என்றாள் நர்ஸ். "முதல் நாள் ஒரு படகு போச்சே, அது என்ன ஆச்சு?"

அவர் உட்கார்ந்தபடியே சொன்னார். அலை அடித்தது, படகில் தண்ணீர் ஏறியது, சீடர்கள் பதறினார்கள், ஆண்டவரோ பின்பக்கம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"புயல்லயா? தூங்கினாரா?"

"ஆமாம்மா."

"அப்புறம் எங்களை மட்டும் ஏன் ஐயா அப்படி முறைச்சீங்க?"

கூடமே சிரித்தது. மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். இத்தனை முறை அதே படகை ஓட்டியும் போதகர் அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. ஆண்டவர் எழுந்து புயலை அதட்டும் இடத்துக்கே ஓடிவிடுவார். மேஜையைத் தட்ட அங்கேதான் வசதி.

கடிதத்தை அவர் அனுப்பவில்லை. மச்சானுக்கு மட்டும் உண்மையை எழுதினார்: வருகிற எல்லோரும் தூங்குகிறார்கள், முடிந்தால் பத்துப் பாய் அனுப்பவும். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, டிரைவர் எல்லோரும் போகட்டும் என்று படியில் காத்திருந்தார். "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன். எனக்குக் கும்பிடத் தெரியாது. நீங்க ஏதாவது சொல்லுங்க."

போதகரிடம் நீளமான ஜெபங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் வாயில் வரவில்லை. டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ளும்படியும் இந்த மகனைத் தனியாக விடாதிருக்கும்படியும் கேட்டார். அவ்வளவுதான்.

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சுதா ஐயா?"

"முடிஞ்சுது. ரொம்பச் சின்னதாப் போச்சு."

"இல்லைங்க. இன்னிக்குத்தான் கடைசி வரைக்கும் கேட்டேன்" என்றவர், "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?" என்று கேட்டார்.

"எத்தனை மணிக்கு?" என்றார் போதகர்.