ஷிராதோ வீட்டில் இரண்டு வேட்பாளர்கள்

வெந்த சிப்பிகளைக் கூடை கூடையாக மேசையில் கொட்டினார்கள். ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. மேசையின் இரு பக்கமும் நின்ற பெண்கள் மூடியைப் பிளந்து, கறுப்புக் குடலைக் கிள்ளி வாளியில் எறிந்து, வெள்ளைச் சதையைத் தட்டில் போட்டார்கள். வெளியே கடல் இன்னும் வெளுக்கவில்லை. கையும் ஓயவில்லை, வாயும் ஓயவில்லை.

"டவுன் ஆபீஸ் வாசல்ல புதுசா பேனர் கட்டியிருக்கான், பாத்தீங்களா?" என்றாள் ஹாருயோ. "'குழந்தைகளின் சிரிப்பே நம் ஊரின் நாளை'ன்னு எழுதியிருக்கு. ரெண்டு ஆளு ஏணி போட்டுக் கட்டுறாங்க."

"அதே ஆபீஸ்தானே நம்ம காப்பகத்தை மூடப்போறேன்னு சொல்லுது?"

"ஆமா. சிரிக்கிற குழந்தையை எங்க விடுறதுன்னு எழுத பேனர்ல இடம் பத்தலையாம்."

மேசை முழுக்கச் சிரிப்பு. மேசையின் கோடியில் நின்ற தோமிகோவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "மூடணும்னு கை தூக்கினதுல எங்க வீட்டு ஆளும் ஒருத்தரு" என்றாள்.

"அது தெரிஞ்சுதானே உங்க பக்கம் பாத்துச் சொல்றோம், அக்கா."

தோமிகோவின் கணவர் கென்ஜிரோ ஏழு முறை ஊர் மன்றத்தில் உறுப்பினர். மன்றத்தில் பத்துப் பேர், பத்தும் ஆண்கள். கடற்கரைக் காப்பகம் சிப்பிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கொட்டகை திறக்கும்போதே அதுவும் திறக்கும். அதை மூடிவிட்டால் பிள்ளைகளை மலைமேல் இருக்கும் காப்பகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அது எட்டு மணிக்குத்தான் கதவைத் திறக்கும். எட்டு மணிக்குள் கொட்டகையில் பாதி வேலை முடிந்துவிடும். சின்னப் பிள்ளை வைத்திருப்பவள் வேலையை விட வேண்டியதுதான்.

எதிர்ப்பக்கம் நின்ற அகனே கத்தியைக் கீழே வைத்தாள். அவள் தோமிகோவின் மருமகள். பெரியவன் பள்ளிக்குப் போகிறான், சின்னவள் காப்பகத்தில் இருக்கிறாள். போன மாதம் ஊர்ப் பெண்களின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு மன்றத்துக்குப் போனவளும் அவள்தான். அங்கே ஒருவர் கண்ணை மூடியபடி கேட்டார், ஒருவர் திறந்தபடி தூங்கினார். மாமனார், "சரி சரி, உக்காரும்மா" என்றார்.

"நான் தேர்தல்ல நிக்கப்போறேன்" என்றாள் அகனே.

 ஹாருயோதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏற்கெனவே இங்க காலைலேர்ந்து நின்னுட்டுதானே இருக்க? அங்கயாவது நாற்காலி குடுப்பான். போ."

*

வீட்டில் விஷயம் இரவுச் சாப்பாட்டின்போது வெளியே வந்தது. கென்ஜிரோ சோறு அள்ளிய குச்சிகள் அந்தரத்தில் நின்றன.

"ஷிராதோ வீட்லேர்ந்து நான் நிக்கிறேன். எட்டாவது தடவை. இன்னொரு ஷிராதோ எங்கேர்ந்து வர்றது?"

"பொறந்தப்ப என் பேரு மியூராதான், மாமா" என்றாள் அகனே, சின்னவளின் கிண்ணத்தில் மீனை உதிர்த்தபடி. "கல்யாணம்னா ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேருதான் இருக்கணும்னு சட்டம் சொல்லிச்சு. அது ஷிராதோவாத்தான் இருக்கணும்னு சொன்னது நீங்க."

கென்ஜிரோ மகன் பக்கம் திரும்பினார். "தைச்சி, நீ என்னடா சொல்ற?"

"நான் சாப்பிடறேன்பா."

"உன் பொண்டாட்டி உங்கப்பனை எதிர்த்து நிக்கிறாடா!"

"நானும் அவளும் பேசிட்டோம். என் பொண்ணை யாரு பாத்துக்குவாங்கன்னு நீங்க சொல்லுங்க, அவ நிக்க மாட்டா."

"பிள்ளைன்னா அம்மாகிட்ட இருக்கணும். அதுதான் முறை."

"அப்ப சிப்பியை யாருங்க உரிக்கிறது?" என்று தோமிகோ கேட்டாள். கேள்வி தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கென்ஜிரோவும் அதைச் சுவர்தான் கேட்டது என்பதுபோலச் சூப்பை உறிஞ்சினார்.

*

வேட்பாளர்களுக்கு விளக்கம் சொல்ல டவுன் ஆபீஸில் கூட்டம் போட்டார்கள். கணவரின் பையைத் தூக்கிக்கொண்டு தோமிகோவும் போயிருந்தாள். ஏழு தடவையும் அப்படித்தான் போனாள். தேர்தல் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை ஒரு சிக்கல் இருக்கிறது என்றார்.

"சீட்டுல பேரை பென்சிலால எழுதிப் போடுற ஊரு இது. வெறும் 'ஷிராதோ'ன்னு எழுதினாலும் செல்லும். ஆனா அந்த ஓட்டை ரெண்டு ஷிராதோவுக்கும் பங்கு பிரிப்போம். முழுப் பேரு எழுதின ஓட்டு யாருக்கு அதிகமோ, அவங்களுக்குத்தான் பெரிய பங்கு. அதனால ரெண்டு தரப்பும் முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்க."

கென்ஜிரோவின் ஆதரவாளர் சங்கத் தலைவர் நுமாதா தொடையில் தட்டிச் சிரித்தார். "பங்கா? ஓட்டு என்ன தர்பூசணியா, கீத்து போட? இந்தக் கரையில ஷிராதோன்னா அது ஒருத்தருதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

"இல்லீங்க, அவங்களும் சட்டப்படி ஷிராதோதான்…"

"மருமகளை யாருய்யா ஷிராதோன்னு கூப்பிடறான்? ஷிராதோ வீட்டுப் பொண்ணுன்னுதான் கூப்பிடறான்."

சுவரொட்டி வழக்கம்போல வந்தது. மேலிருந்து கீழாக ஒரே ஒரு குடும்பப் பெயர், பாறைபோல. ஓரத்தில் எறும்பு மாதிரி 'கென்ஜிரோ'.

"என்னங்க, அந்த மனுசன் சொன்னது எனக்கு நியாயமாத்தான் பட்டுது" என்றாள் தோமிகோ. "பேரைக் கொஞ்சம் பெருசாப் போட்டா என்ன?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது. ஊறுகாய்ப் பானைமேல பாரத்துக்கு வெச்ச கல்லைப் பாரு."

மறுநாளும் சொன்னாள். "கல்லைப் பாத்துட்டேன். அது நல்லாத்தான் இருக்கு. பேரு?"

"அடியே, முதல்முதலா நிக்கிறவன்தான் முழுப் பேரையும் கத்துவான். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

மூன்றாவது தடவை சொல்லலாமா என்று யோசித்தாள். ஒரு வாளி முள்ளங்கி கழுவ வேண்டியிருந்தது. போய்க் கழுவினாள்.

*

பிரச்சாரம் தொடங்கியதும் வீடு திருவிழாக் கடைபோல ஆனது. முன்னறையில் கென்ஜிரோவின் அலுவலகம். நுமாதாவும் மற்றவர்களும் கைகளைக் கட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். பின்னால் வலை வைக்கும் கொட்டிலில் அகனேயின் அலுவலகம். வேலை முடிந்த பெண்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து மிதவைகள்மேல் உட்கார்ந்து சத்தம் போட்டார்கள். காலையில் முன்னறையில் கணவருக்குப் பக்கத்தில் நின்று, "அவரைக் காப்பாத்துங்க" என்று ஊர்க்காரர்களுக்குக் குனிந்து வணங்குவாள் தோமிகோ. பிறகு பின்கதவு வழியாகப் போய் வலைக்கொட்டிலில் ஊறுகாய்த் தட்டை வைப்பாள்.

"அக்கா, நீங்க எந்தக் கட்சி?" என்று ஹாருயோ கிண்டினாள்.

"நடுக்கதவுக் கட்சி."

கென்ஜிரோவிடம் நான்கு ஒலிபெருக்கி வைத்த பெரிய வேன் இருந்தது. சாளரத்தில் வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்த ஒரு பெண் தேன்போலப் பேசினாள். அகனேயிடம் தைச்சியின் குட்டி லாரியும், பள்ளி விளையாட்டு விழாவில் இரவல் வாங்கின ஒரு ஒலிபெருக்கியும் இருந்தன. லாரியில் ஏறிய பெண்கள் வெள்ளைக் கையுறைக்குப் பதிலாகக் கொட்டகையின் ரப்பர் கையுறைகளையே மாட்டிக்கொண்டார்கள்; கையாட்டும்போது முழங்கை வரைக்கும் பளபளத்தது. தைச்சி தோளில் 'வேட்பாளரின் கணவர்' என்று பட்டை கட்டிக்கொண்டு ஓட்டினான். படகுத்துறையில் அவனுடைய கூட்டாளிகள், "கணவரே, இங்க திரும்புங்க! ஒரு போட்டோ!" என்று கத்தினார்கள்.

வியாழக்கிழமை மீன்கடைச் சந்தில் இரண்டு வண்டியும் நேருக்கு நேர் வந்துவிட்டன. ஒதுங்க இடமில்லை.

"ஷிராதோ! ஷிராதோ! உங்கள் ஓட்டு ஷிராதோவுக்கே!" என்றது பெரிய வேன்.

லாரியில் நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் இடுப்பு வளையக் குனிந்தார்கள். "நன்றி! ரொம்ப நன்றி! ஷிராதோ அகனேவுக்காக இவ்வளவு தூரம் வந்து கத்துறீங்களே!"

தேன்குரல் பெண்ணுக்குச் சிரிப்பு வந்து ஒலிபெருக்கி கரகரத்தது. முன்சீட்டில் கென்ஜிரோ பல்லைக் கடித்துக்கொண்டு கையாட்டினார். மீன்கடைக்காரி கணவாயை எடைத்தட்டிலேயே விட்டுவிட்டுக் கைதட்டினாள்.

*

கடைசி நாள் சாயங்காலம் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னால் கூட்டம். நுமாதா தோமிகோவின் காதருகே வந்தார்.

"அண்ணி, இன்னைக்கு நம்ம வழக்கம். முட்டி போட்டு அழுதுருங்க. உங்க கண்ணீருக்குன்னு ஒரு ஓட்டு இருக்கு."

ஏழு தேர்தலிலும் அவள் அழுதிருக்கிறாள். முதல் தடவை நிஜமாகவே அழுதாள். அன்று கைக்குழந்தை தைச்சிக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பார்த்தவர்கள் கணவருக்காக அழுகிறாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் காய்ச்சலை நினைத்துக்கொள்வாள், கண்ணீர் வந்துவிடும்.

இப்போதும் முட்டி போட்டாள். நெற்றி தரையைத் தொடக் குனிந்தாள். அந்த நாளை நினைத்தாள். நிமிர்ந்தபோது தெருவுக்கு எதிர்ப்பக்கம் அதே தைச்சி நின்றிருந்தான். பட்டை கழுத்தைச் சுற்றிக்கொண்டிருக்க, பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு கிழவரிடம் கும்பிட்டுக் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்: "என் பொண்டாட்டிய ஜெயிக்க வைங்க, தாத்தா. உழைப்பாளி. நல்லா வேலை செய்வா."

"நீ அழுவியா?" என்றார் கிழவர்.

"எனக்கு அழத் தெரியாது தாத்தா. வேணும்னா பாடுறேன்."

தோமிகோவின் தோள்கள் குலுங்கின. நுமாதா திருப்தியோடு ஒலிபெருக்கியில், "பாருங்கள், ஒரு மனைவியின் கண்ணீர்!" என்றார். குலுங்கல் நிற்கவில்லை. அவள் வாயைப் பொத்தினாள்; கை மீறிச் சிரிப்பு வெடித்தது. தரையில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முன்வரிசையில் நின்ற கிழவிகளும் ஏனென்று கேட்காமலே சேர்ந்து சிரித்தார்கள். நுமாதா ஒலிபெருக்கியை அணைத்தார்.

"அடியே, எந்திரி" என்றார் கென்ஜிரோ, உதடு அசையாமல்.

"முடியலீங்க… முடியல…"

மறுநாள் ஓட்டுச்சாவடியில், அட்டைத் தடுப்புக்குள் நின்று பென்சிலை எடுத்தாள். கை பழக்கத்தில் 'ஷிராதோ' என்று எழுதி முடித்து நின்றது. எப்போதும் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவாள். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு கோடாக, தபால்காரர் படிக்க எழுதுவதுபோலத் தெளிவாக, அகனேயின் பெயரை எழுதினாள்.

*

முடிவு அன்றைக்கே வந்துவிட்டது. முழுப் பெயர் எழுதிய ஓட்டில் பெரும்பாலானவை அகனேயுடையவை. கென்ஜிரோவின் ஆட்கள் வழக்கம்போல வெறும் 'ஷிராதோ' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் குவியலைப் பங்கு பிரித்தபோது பெரிய கீற்று மருமகளுக்குப் போனது. அகனே மூன்றாவதாக வந்தாள். பதினொரு பேர் நின்ற தேர்தலில் கென்ஜிரோ பதினொன்றாவது. பத்தாவது ஆளைவிட முக்கால் ஓட்டுக் குறைவு. வலைக்கொட்டிலில் பெண்கள் கைகளைத் தூக்கி மூன்று முறை ஆர்ப்பரித்ததில் மிதவைகள் உருண்டன. ஹாருயோ தோமிகோவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். "காப்பகத்துச் சாவியை இனி எவன் கேக்குறான்னு பாப்போம்!"

காலையில் வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், நுமாதா, கட்டட ஒப்பந்தக்காரர். முன்னறையில் பாய்மேல் உட்காரப் போட்ட சின்ன மெத்தைகள் நிரம்பின. கென்ஜிரோ பழக்கத்தால் நடுவில், படம் தொங்கும் மாடத்துக்கு முன்னால், தலைமை இடத்தில் உட்கார்ந்தார். வந்தவர்கள் அவருக்கே வணங்கினார்கள். கொண்டுவந்த ஆர்க்கிட் தொட்டியையும் அவர் பக்கத்தில் வைத்தார்கள்.

"சீட்டு வீட்டை விட்டுப் போகல, அதுதான் முக்கியம்" என்றார் நுமாதா. "யோசனை சொல்ல அண்ணன் இருக்காரு. கை தூக்க மருமக இருக்கு. காப்பகத்தைப் பத்தியெல்லாம் அண்ணன் பக்குவமாப் பேசி முடிப்பாரு. என்ன சொல்றீங்க?"

"அதுதான் சரி" என்றார்கள். "யம்மா, டீ!"

சமையலறையில் அகனே தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தோமிகோ அவளுடைய ஏப்ரனின் முடிச்சைப் பின்னாலிருந்து அவிழ்த்தாள்.

"இந்த ஒரு சுத்து நான் ஊத்திட்டு வர்றேன். நீ போய் உக்காரு."

"இடமில்ல, அத்தை."

"பாய் இருக்குல்ல?"

அகனே போய்ச் சமையலறை வாசற்படி ஓரமாக, வெறும் பாயில் முழங்கால் மடித்து உட்கார்ந்தாள். யாரும் நகரவில்லை. தோமிகோ டீ ஊற்றிவிட்டு, தட்டை அங்கேயே விட்டுத் திரும்பினாள். பேச்சு துறைமுகத்துக்குச் சிமெண்டு போடுவதைப் பற்றிப் போனது. குடித்து முடித்த கோப்பைகள், சமையலறைக்குப் போக வேண்டிய வழியில், ஒவ்வொரு கையாக மாறிக் கீழே வந்தன. கடைசியில் வாசலோரம் இருந்தவளிடம் வந்து நின்றன.

அகனே முதல் கோப்பையை வாங்கினாள். அதற்குள்ளே பார்த்தாள். கொடுத்த தலைமையாசிரியரின் கையிலேயே அதைத் திரும்ப வைத்தாள்.

"அப்படியே மேல அனுப்பிடுங்க, சார். துறைமுகத்தைப் பத்தி ஒண்ணு கேக்கணும் நான்."

தலைமையாசிரியர் விழித்தார். பிறகு கோப்பையைப் பக்கத்து ஆளிடம் நீட்டினார். அவர் அடுத்தவரிடம். ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பைகள் வந்த வழியே திரும்பிப் போய் ஆர்க்கிட் தொட்டிக்குப் பக்கத்தில் சேர்ந்தன. அகனே சிமெண்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒப்பந்தக்காரர் பதில் சொல்லத் தடுமாறினார்.

கென்ஜிரோ கோப்பைகளைப் பார்த்தார். சமையலறைப் பக்கம் திரும்பி, "அடியே" என்றார்.

தோமிகோ அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாயில் முள்ளங்கி ஊறுகாய். பக்கத்தில் ஹாருயோ துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"அடியே!"

"காது கேக்குதுங்க. எடுத்துட்டு வாங்க."

 பிறகு கென்ஜிரோ எழுந்தார். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்க, பாய் முடிகிற இடம்வரை வந்தார். சமையலறை மரத்தரைக்கென்று அங்கே இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தன, இரண்டும் பெண்கள் அளவு. கீழே பார்த்து, ஒரு ஜோடியில் விரல்களை நுழைத்தார். குதிகால் பாதி வெளியே தரையில் தேய, தட்டைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.